தண்ணீர் நின்ற கோடு: வன்னியில் ஒரு பழைய மெசியை எழுப்புதல்

துருப்பிடித்த உழவு மிசின் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் தகரத்தில்தான் விழும். மூடி ஓட்டை, மட்காட் உதிருது, இருக்கை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தகரம் காசு கொடுத்தால் கிடைக்கும். பார்க்கவேண்டியது வேறு. இந்த மிசினுக்குள் தண்ணீர் எந்த வழியால் இறங்கியது, எங்கே தேங்கியது, எத்தனை மாரி நின்றது, என்ன தண்ணீர் அது. இவற்றுக்கு விடை கிடைத்தால் எழுப்புவதா, உதிரிக்குக் கழற்றுவதா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளக்கட்டில் தண்ணீர் நின்ற கோடு தெரிவதுபோல மிசினிலும் தெரியும். சில்லின் உட்புறம், கியர்பொக்ஸின் பக்கச் சுவர், பிஸ்ரனின் மேற்பரப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இருக்கும். வேலையை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

வன்னியில் எழுப்பத் தகுந்த பழைய மிசின் என்றால் பெரும்பாலும் மெசி பேர்குசன்தான். சிவப்பும் சாம்பலுமாக அதன் 35 என்ற மொடல் வந்தது 1957 இல். இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்டது. முதல் வந்தவற்றில் இருந்தது ஸ்ரான்டர்ட் 23சி என்ற நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். 1959 இன் கடைசியிலிருந்து பேர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பொருத்தினார்கள். 1964 இல் 135 வந்தபோதும் அதே குடும்பத்து 3.152 எஞ்சின்தான். இந்த வேறுபாட்டை விலை பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் பாகிஸ்தானில் லாகூரில் செய்யப்பட்ட 240 வரை தொடர்ந்ததால் லைனர் (சிலிண்டரின் உட்குழாய்), பிஸ்ரன், ரிங், பியாரிங், கஸ்கெற் எல்லாம் இன்றும் கடையில் எடுக்கலாம். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒவ்வொரு சாமானுக்கும் அலையவேண்டும். குளிரில் எழும்பாது என்று அது பிறந்த நாட்டிலேயே கெட்ட பெயர் எடுத்தது. எங்கள் வெயிலில் அந்தக் குறை அவ்வளவு தெரியாது. ஆனால் அதன் லைனர் ஈரலைனர், வெளிப்பக்கம் நேரே தண்ணீரில் நிற்பது. நீண்ட காலம் கிடந்தால் வெளியிலிருந்து அரித்துத் துளை விழும். கீழே அடைக்கும் எட்டு வடிவக் கஸ்கெற்றும் இற்றுப்போய், தண்ணீர் ஒயில் தொட்டிக்குள் இறங்கியிருக்கும். முதல் முறை எழுப்புகிறவர் மூன்று சிலிண்டரை எடுப்பதே நல்லது.

இனி, என்ன தண்ணீர் என்ற கேள்வி. பரந்தன், கிளிநொச்சி, நெடுங்கேணிப் பக்கம் வளவுக்குள் மாமரத்தடியில் கிடந்த மிசினில் இருப்பது மழைத்துரு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உள்ளே அவ்வளவு ஆழம் போயிராது. வயலில் தாண்டபடி விட்ட மிசினில் இருப்பது சேற்றுத்துரு. அது பிரேக் டிரம்முக்குள்ளும் முன் அச்சுக்குள்ளும் போய்க் கட்டியாகும். மூன்றாவதுதான் கொடியது, உப்புத்துரு. 2009 இல் சனம் மிசினும் இழுவைப் பெட்டியுமாக இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்பு தாண்டி, கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட மணலில் விட்டுவிட்டு வந்தவை அத்தகையவை. கொக்கிளாய், நாயாறு, மன்னார்க் கரைகளில் கிடந்தவையும் அப்படித்தான். உப்பு இரும்பின் குழிகளுக்குள் போய்க் குந்திவிடும். மேலே எத்தனை தரம் தேய்த்துப் பெயின்ற் அடித்தாலும் அடுத்த மாரிக்குள் அடியிலிருந்து கிளப்பும்.

மிசினைத் தொடுவதற்கு முன் இரண்டு விடயம். கண்ணிவெடி அகற்றி முடித்த நிலம் என்று உறுதியில்லாத பற்றைக்குள் கிடக்கும் மிசினின் கிட்டவும் போகவேண்டாம், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும். அடுத்தது, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போரில் கைமாறிய மிசின்கள் பல. ஒரு குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் மிசினாகவும் அது இருக்கலாம்.

சன்னம் பட்ட மிசின் என்றால் தகரத்து ஓட்டையை விட்டுவிட்டு வார்ப்பிரும்பைப் பாருங்கள். இந்த மிசினுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. எஞ்சின் புளொக், கியர்பொக்ஸ், பின் அச்சு வீடு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் பூட்டி நிற்பதுதான் முதுகெலும்பு. அச்சு வீட்டின் தடித்த சுவரில் சிறு துளை என்றால் மரை வெட்டித் திருகாணி இறக்கி அடைக்கலாம். புளொக்கில் வெடிப்பு ஓடியிருந்தால், அதுவும் ஹெட்டை, அதாவது எஞ்சினின் தலைமூடியை, பூட்டும் போல்ட் இறங்கும் இடத்தில் என்றால், அந்தப் புளொக்கில் காசைக் கொட்டாதீர்கள். வேறு புளொக் தேடுவதே மலிவு.

கட்டி இழுக்காதே

அதிகமான எஞ்சின்கள் செத்தது துருவால் அல்ல, எழுப்ப வந்தவர்களின் அவசரத்தால். இறுகிய மிசினை இன்னொரு மிசினில் சங்கிலி போட்டு, கியரில் விட்டு இழுப்பார்கள். ஒரு பிஸ்ரன் மட்டும் லைனரோடு ஒட்டியிருக்க மற்ற இரண்டும் அசையப் பார்க்கும். பிஸ்ரனைக் கிராங் தண்டோடு இணைக்கும் கொன்றொட் வளையும், ரிங் உடைந்து லைனரைக் கீறும். ஒரு கிழமை பொறுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய எஞ்சின் அது.

தண்ணீர் உள்ளே போகும் முதன்மையான வழி மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாய். மிசின் நின்றபோது எந்தச் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு திறந்திருந்ததோ அந்தச் சிலிண்டருக்குள் மழை இறங்கிப் பிஸ்ரன் தலையில் தேங்கும். அதனால்தான் மூன்றில் ஒன்று மட்டும் கல்லாக இறுகி, மற்றவை நல்லாக இருப்பதைப் பெரும்பாலும் காண்கிறோம்.

முதலில் ஒயில் தொட்டியின் அடைப்பானை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரமானது, அடியில்தான் நிற்கும், முதலில் அதுதான் வரும். எத்தனை லீற்றர் என்று அளந்து வையுங்கள். கொஞ்சமாக வந்தால் மழையும் ஈரக்கசிவும். பல லீற்றர் வந்தால் ரேடியேற்றர் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அது லைனரிலோ ஹெட் கஸ்கெற்றிலோ உள்ள குறை.

பிறகு டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரர்களைக் கழற்றி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் றொக்கர் தண்டையும் புஷ்ரொட்களையும் எடுத்துவிடுங்கள். இப்போது எல்லா வால்வும் மூடி நிற்கவேண்டும். எது தாழ்ந்து நிற்கிறதோ அது வழிகாட்டியில் இறுகியிருக்கிறது. அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் மேலே வரும் பிஸ்ரன் வால்வில் முட்டும். டீசல் எஞ்சினில் அந்த இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டைக் கழற்றிவிட்டே மேற்கொண்டு போவது நல்லது. எப்படியும் கஸ்கெற் மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டிய பிஸ்ரனின் மேலிருக்கும் துருத்தூளை முழுக்கச் சுரண்டி உறிஞ்சி எடுத்த பின்பே எண்ணெய் விடவேண்டும். தூளோடு விட்டால் அதுவே ரிங்கின் பக்கத்தில் சேறாகி ஆப்பு வைக்கும். ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸுக்கு விடும் ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்த கலவை நன்றாக ஊடுருவும். இரண்டும் தாமாகச் சேர்ந்திருக்காது, ஊற்றும் ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். அசிற்றோன் கிடைக்காவிட்டால் டீசலும் அதே ஒயிலும் பாதிப்பாதி. வேகம் குறைவு, வேலை நடக்கும். விரல் உயரத்துக்கு ஊற்றி, தினமும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இறங்கத் தொடங்கினால் வழி திறக்கிறது. ஒரு கிழமைக்கு முன் சுத்தியலைத் தொடவேண்டாம். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடியும் வெல்டிங்கும் ஆகாது.

3.152 எஞ்சினின் துளை 91.4 மில்லிமீற்றர். பாலையிலோ முதிரையிலோ 88 மில்லிமீற்றருக்கு ஓர் உருளைக்கட்டை கடைந்து, பிஸ்ரனின் மேல் வைத்து, இரண்டு கிலோச் சுத்தியலால் சீராகத் தட்டுங்கள். அடி பலமாக இருக்கத் தேவையில்லை, அதிர்வுதான் வேலை செய்யும். இன்னொருவர் ஸ்ராட்டர் கழற்றிய துளையால் பிளைவீல் பல்லில் ஒரு நெம்புகோலை வைத்து, ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே என்று அழுத்தட்டும். மயிரிழை அசைந்தாலும் போதும். மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் துரு முன்னால் குவிந்து மறுபடி இறுகும். அசைந்த அளவுக்குள் முன்னும் பின்னும் ஆட்டி, தூளை வெளியே கொண்டுவந்துதான் எல்லையை நீட்டவேண்டும்.

விடுபட்ட பின் லைனரை விரல் நகத்தால் சோதியுங்கள். கறை மட்டும் தெரிந்து நகம் தடுக்காவிட்டால் ஹோன் பண்ணி, அதாவது உட்சுவரைக் கல்லால் மெல்ல உரசி, புது ரிங் போட்டு ஓட்டலாம். நகம் தடுக்கும் குழி ரிங் ஓடும் பாதையில் இருந்தால் லைனர் மாற்றியே ஆகவேண்டும். ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றுவோம் என்ற மிச்சம்பிடிப்பு வேண்டாம், மூன்றையும் மாற்றுங்கள். இதில் இருப்பது உலர்லைனர், வெளிப்பக்கம் முழுக்கப் புளொக்கோடு ஒட்டி நிற்கும். அழுத்தி எடுக்கும் கருவி இல்லாத பட்டறையில் உட்சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கோடு வெல்டிங் ஓடவிட்டு ஆறவிடுவார்கள். ஆறும்போது வெல்டிங் சுருங்கி லைனரையும் சுருக்கும், பிறகு இலகுவாக வரும். கிராங் தண்டை எடுத்துவிட்டே இதைச் செய்யவேண்டும். இதே வித்தையை ஈரலைனரில் செய்து பார்க்காதீர்கள், அங்கே அதற்கு வேலையே இல்லை. புது லைனர் வாங்கும்போது முழுதாகக் கடைந்து முடித்ததா, பூட்டிய பின் போறிங் போடவேண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில் வரும். ரிங்கைத் தனியே லைனருக்குள் இறக்கி அதன் வாய் இடைவெளியைப் பாருங்கள். இந்தத் துளைக்கு மேல் ரிங்கில் 0.3 மில்லிமீற்றர் சுற்றில் இருக்கவேண்டும். வாய் முட்டினால் சூட்டில் ரிங் விரிந்து லைனரைக் கீறும்.

புளொக்கின் பக்கத்திலுள்ள வட்டத் தகரமூடிகளை, வெல்ஷ் பிளக்குகளை, ஒன்றும் விடாமல் மாற்றுங்கள். அவை உள்ளிருந்து இற்றுக்கொண்டுபோகும், வெளியே மினுங்கும். எஞ்சின் பூட்டி முடித்த பின் பிளைவீலின் பக்கத்திலிருப்பது ஒழுகத் தொடங்கினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டும்.

ஹெட் பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையில், கடைசியாக 55 முதல் 60 இறாத்தல் அடி வரை. வால்வு இடைவெளி குளிரில் 0.012 அங்குலம், சூட்டில் 0.010.

மரை, சாவி, சூடு

இந்த மிசின்களின் மரை அங்குல மரை. 13 மில்லிமீற்றர்ச் சாவி அரை அங்குல நட்டில் தளர்வாக உட்காரும், துருப்பிடித்த நட்டின் மூலையை ஒரே இழுப்பில் வழித்துவிடும். 19 மில்லிமீற்றர்ச் சாவி முக்கால் அங்குலத்துக்குச் சரியாகப் பொருந்துவதால் பலரும் மற்றவையும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு செற் அங்குலச் சாவி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

துருப்பிடித்த நட்டை முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைக்கவேண்டும். துருவின் பிடி உடைந்த பிறகுதான் கழற்றும் பக்கம். அசையாவிட்டால் காஸ் சூட்டில் நட்டை மங்கிய சிவப்பாக்கி, சூடு இறங்கும்போது மெழுகுதிரியை மரையில் தொட்டுவிடுங்கள். மெழுகு உருகி மரைக்குள் ஓடும், எண்ணெய்போல எரிந்து போகாது. முறிந்த ஸ்ரட்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளால் வெல்டிங் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வரும். பிடிக்கும் வெல்டிங்கைவிட அதன் சூடுதான் அங்கே உதவுகிறது.

உப்பை இரும்பிலிருந்து எடுப்பது

சிறு சாமான்களுக்கும் தகரத்துக்கும் மின்னால் துருக் கழற்றுவதைப் போல் சுத்தமான முறை இல்லை. பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் 100 லீற்றர் தண்ணீருக்கு அரைக்கிலோ சலவைச் சோடா கரைக்கவேண்டும். துருப்பிடித்த சாமானைக் கம்பியில் தொங்கவிட்டு, 12 வோல்ட் சார்ஜரின் எதிர் முனையை அதில் கொழுவுங்கள். பரலின் ஓரத்தில் சுற்றிவர நிறுத்திய பழைய கட்டடக் கம்பிகளுக்கு நேர் முனை. முனை மாறினால் உங்கள் சாமான்தான் கரையும். சார்ஜரின் முள் நாலைந்து அம்பியரில் நிற்கட்டும், ஒரு நாள் விட்டு எடுங்கள். கறுப்பாக வரும் மாவைத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாலே போய்விடும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறைந்திருக்காது.

இதில் செய்யக்கூடாதவை சில, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சலவைச் சோடாவுக்குப் பதில் கறியுப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், போக்கப்பார்க்கும் உப்பை நாமே ஊட்டியதாகவும் ஆகும். கட்டடக் கம்பிக்குப் பதில் ஸ்ரெயின்லெஸ் கரண்டி, தட்டு வைத்தால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும், அதைக் கொட்ட உங்கள் வளவில் இடம் கிடையாது. பித்தளை, அலுமினியச் சாமான்களை இறக்காதீர்கள். ஹெட் போல்ட், வால்வு ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய உருக்கையும் இறக்கவேண்டாம். ஐதரசன் உள்ளே புகுந்து பொருபொருத்துப் பாரத்தில் முறியும். பரலிலிருந்து வருவதும் ஐதரசன்தான், திறந்த கொட்டிலில் வைத்துச் செய்யுங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்தில் சிற்றிக் அமிலம், ஒரு லீற்றருக்கு 50 கிராம். அதுவும் இல்லையென்றால் கள்ளு வினாகிரி. நேரம் அதிகம் எடுக்கும், அவ்வளவுதான். அமிலத்தில் போட்டதை மறந்துவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போகவேண்டாம், துரு முடிந்ததும் அது இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்தவுடன் அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவுங்கள்.

கரையோர மிசினுக்கு இவை எல்லாம் பாதி வேலை. துரு போன பின் கொதிதண்ணீரில் தோய்த்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி தோய்க்கவேண்டும். மூன்று தரம், ஐந்து தரம். கழுவுவது மழைத் தண்ணீராக இருக்கட்டும். கரையோரக் கிணறுகளின் தண்ணீரே உவர், அதில் கழுவுவது வீண் வேலை. பிறகு துடைத்து உலர்த்தி, எண்ணெயும் பூசாமல் பெயின்றும் அடிக்காமல் ஓர் இரவு வெளியே வையுங்கள். காலையில் முழுத் தகரத்திலும் மெல்லிய செம்மை படர்ந்திருந்தால் அது பனியால் வந்தது, பயமில்லை. குழிகளில் மட்டும் ஊசிமுனைபோல் செம்புள்ளியோ வியர்த்தமாதிரித் துளியோ நின்றால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி பரலுக்குள். இந்தச் சோதனையில் தேறாத தகரத்துக்குப் பெயின்ற் அடிப்பவர் அடுத்த வருடம் மறுபடி அடிப்பார்.

கியர்பொக்ஸும் தூக்கியும்

கியர் கம்பின் ரப்பர் உறை வெடித்திருந்தால் அதன் வழியே ஒவ்வொரு மாரியும் தண்ணீர் இறங்கியிருக்கும். பின் அச்சு வீடும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலில் நிற்பவை, கொள்ளளவு 30 லீற்றர் அளவில். அடைப்பானைத் தளர்த்தி முதலில் வரும் தண்ணீரை அளவுங்கள். பிறகு வருவது பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். வடித்த பிறகு பத்துப் பதினைந்து லீற்றர் டீசலும் பழைய ஒயிலும் கலந்து ஊற்றி, பின் சில்லுகளைத் தூக்கிக் கையால் சுற்றி, வடித்து, இன்னொரு தரம் செய்யுங்கள். இந்தக் கலவையோடு எஞ்சினை ஓட்டி, கலப்பையை உயர்த்தி இறக்கும் தூக்கியை வேலைவாங்கக் கூடாது. தூக்கியின் பம்ப் அதே ஒயிலை உறிஞ்சுவது, டீசலின் மெல்லிய படலத்தில் அது தேயும்.

அந்தப் பம்ப் இருப்பது வீட்டின் அடியில், தண்ணீர் தேங்கிய அதே இடத்தில். அதன் கட்டுப்பாட்டு வால்வு ஒரு பென்சில் பருமனில் உறைக்குள் வழுக்கி ஓடுவது. ஓடும்போது ஒட்டாமலிருக்க, பம்ப் அதை இடைவிடாமல் அசைத்துக்கொண்டேயிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நின்றுவிட்ட மிசினில் அந்த அசைவு இல்லை, அதனால் துருவும் கசடும் ஒட்டவைத்துவிடும். மேல்மூடியைக் கழற்றச் செயின் புளொக் வேண்டும், முதுகால் தூக்க முயலாதீர்கள். பி.ரி.ஓ. தண்டை, அதாவது பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டை, பின்பக்கமாக இழுத்தெடுத்து, இருபக்கத் தாங்குமுளைகளையும் கழற்றினால் பம்ப் மேலால் வரும். வால்வை டீசலில் ஊறவைத்துக் கையால் மட்டும் விடுவியுங்கள், எமரித் தாள் படக்கூடாது. அங்கே இடைவெளி அவ்வளவு நுண்மை. தேய்த்துவிட்டால் கலப்பையைத் தூக்கும், தூக்கியபடி நிற்காது, மெல்ல இறங்கிக்கொண்டேயிருக்கும். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களையும் ஒன்றும் விடாமல் புதிதாகப் போடுங்கள்.

தூக்கி வேலை செய்யவில்லை என்று மூடியைக் கழற்றுவதற்கு முன் பி.ரி.ஓ. கம்பைப் பாருங்கள். 35 இலும் 135 இலும் தூக்கியின் பம்ப் பி.ரி.ஓ. வழியாகத்தான் சுழல்கிறது. கம்பு நடுவில் நின்றால் பம்ப் சுற்றாது. இதைத் தெரியாமல் நல்ல தூக்கியைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

கிளச் தட்டு பிளைவீலோடு ஒட்டியிருப்பதும் வழமை. எஞ்சின் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, மிதியை ஒரு தடியால் முட்டுக்கொடுத்து இரவு முழுக்க வைத்தால் சிலவேளை விடும். விடாவிட்டால் மிசினை நடுவால் பிரிக்கவேண்டும். பிரிப்பதற்கு முன்னர், முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இருபக்கமும் மர ஆப்பு இறுக்கியே தீரவேண்டும். முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவது. பின்பாதியை விலக்கியதும் எஞ்சின் பக்கவாட்டில் சரியும், கீழே ஆள் இருந்தால் உயிர் போகும்.

பின் சில்லைக் கழற்றும்போதே அச்சு ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் ஒழுகினால் ஒயில் நேரே பிரேக் டிரம்முக்குள்தான் போகும். சேற்றுழவுக்கு இரும்புச் சில்லுப் பூட்டுகிற மிசினில் இந்தச் சீல் படும் பாடு பெரிது.

ரிம்மைப் பார்க்கும்போது வால்வுத் துளையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பாரத்துக்காக ரயருக்குள் தண்ணீர் நிரப்பி வைத்த மிசினில், 12.4-28 ரயர் ஒன்றுக்கு 150 லீற்றர் அளவில், முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான். ஒட்டுப் போடலாம். ஆனால் ரயரைக் கழற்றாமல் ரிம்மில் வெல்டிங் வைக்கக்கூடாது, காற்றை இறக்கிவிட்டாலும் கூடாது. சூட்டில் ரப்பர் வாயுவாகி ரயர் குண்டாக வெடிக்கும்.

டீசல் வழி

எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்த 1990களில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய மிசின்கள் உண்டு. அப்படி ஓடியதில், இன்ஜெக்ரர்களுக்கு டீசல் தள்ளும் பம்ப்தான் முதலில் பார்க்கவேண்டியது. சி.ஏ.வி. கம்பனியின் டி.பி.ஏ. பம்புக்கு மசகு என்பது அது தள்ளும் டீசலேதான், தனியே ஒயில் கிடையாது. மண்ணெண்ணெய் மெல்லியது, உள்ளே உலோகம் உலோகத்தை உரசித் தேயும். அடையாளம் ஒன்று: குளிரில் எழும்பும், சூடானதும் நிறுத்தினால் மறுபடி எழும்பாது. அப்படியானதைச் சோதனை மேடை உள்ள பம்ப் கடைக்குக் கொடுங்கள், வீட்டு முற்றத்தில் திறக்காதீர்கள்.

டீசல் தாங்கிக்குள் ஒரு கைப்பிடி நட்டும் சிற்றிக் அமிலமும் போட்டுக் குலுக்கி, கழுவி, உலர்த்தி, உடனே டீசல் விட்டு அலசுங்கள். உலர்ந்த தாங்கியை ஒரு நாள் சும்மா வைத்தாலே உள்ளே செம்மை வந்துவிடும். தாங்கியில் வெல்டிங் வேண்டாம், காலியான தாங்கிதான் வெடிக்கும். பில்டர் சி.ஏ.வி. 296, முதல் பத்து மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் மாற்றும் கணக்கில் வாங்கி வையுங்கள். காற்று எடுப்பது பில்டர் தலையில் தொடங்கி, பம்பின் இரண்டு திருகுகள், கடைசியாக எஞ்சினைச் சுற்றவிட்டு இன்ஜெக்ரர்க் குழாய்கள் என்ற ஒழுங்கில். குழாய் வாயில் விரல் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டீசலைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம், காற்றை மறந்துவிடுகிறோம். ஒயில் கிண்ணம் வைத்த காற்றுச் சுத்திகரிப்பானின் அடிக்கிண்ணமும் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயும் உள்ளே துருப்பிடித்திருக்கும். புது லைனர், புது ரிங் எல்லாம் போட்டு, இந்தக் குழாயைத் துடைக்காமல் பூட்டினால் துருத்துகள் நேரே சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் கச்சான் காற்றில் பறக்கும் புழுதியும் சேரும். பெரிய செலவு செய்த எஞ்சின் ஒரு போகத்துக்குள் நீலப்புகை கக்குவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

முதல் எழுப்பு

பற்றரி கொழுவ முன் பழைய டைனமோ மிசினில் நேர் முனை உடம்புக்கா, எதிர் முனை உடம்புக்கா என்று பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் நேர் முனையை உடம்புக்குக் கொடுத்தவை உண்டு.

ஒயில் தொட்டிக்கு 6.8 லீற்றர். 15டபிள்யூ-40 போதும். ரேடியேற்றருக்குப் பத்து லீற்றர் அளவில், மழைத் தண்ணீரும் கூலன்ரும். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு புளொக்குக்குள் பாறையாகப் படியும். எரிபொருளை நிறுத்திவைத்துக்கொண்டு ஒயில் அழுத்த முள் எழும்பும்வரை ஸ்ராட்டரில் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். வேலை வேகத்தில் 30 முதல் 60 இறாத்தல் நிற்கவேண்டும்.

எழுப்பும்போது ஒருவர் காற்றுக் குழாயின் பக்கத்தில், வாயைவிடப் பெரிய தட்டையான பலகையோடு நிற்கவேண்டும். நெடுநாள் கிடந்த டி.பி.ஏ. பம்பில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டியிருந்தால், ஒன்றில் எஞ்சின் எழும்பவே மாட்டாது, அல்லது எழும்பிக் கட்டுக்கடங்காமல் கத்தும். திறப்பை மூடினாலும் நிற்கத் தேவையில்லை. பலகையால் காற்றை அடைத்தால் நிற்கும். கையால் அடைக்காதீர்கள், துணியையும் வைக்காதீர்கள், இழுத்துவிடும்.

முதலில் வெள்ளைப்புகை வரும், சூடானதும் நிற்கவேண்டும். நீலம் நின்றுகொண்டேயிருந்தால் ரிங் இன்னும் இருப்புக்கு வரவில்லை. அரை மணித்தியாலம் ஓட்டி, சூட்டோடு ஒயிலை வடித்துப் புதிதாக விடுங்கள். வடித்ததைக் காந்தத்தால் கிளறிப் பாருங்கள். ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி வையுங்கள்.

பெயின்ற் வேலை மாசி முதல் ஆனிக்குள். காலபோக அறுவடை முடிந்து கச்சான் புழுதி கிளம்ப முன் உள்ள காலம் அது. துருக் கழற்றிய தகரத்துக்கு அன்றைக்கே அடிப்பூச்சுப் போடவேண்டும், அடுத்த நாள் என்றால் மறுபடி தேய்ப்பு. தகரம் சிவப்பு, எஞ்சினும் உடலும் சாம்பல், 135 இன் சில்லு வெள்ளி நிறம்.

புது ரிங் போட்ட எஞ்சினைக் கொட்டிலில் நிறுத்தி மணித்தியாலக் கணக்காகச் சும்மா ஓடவிடாதீர்கள். பாரமில்லாத ஓட்டத்தில் ரிங் லைனரில் பதியாமல் சுவர் கண்ணாடிபோல் மினுங்கிப்போகும், பிறகு எப்போதும் ஒயில் குடிக்கும். பெட்டியில் அரைப்பாரம் மணலோ விறகோ ஏற்றி, வேகத்தை ஏற்றி இறக்கி, ஏற்றத்திலும் சமதரையிலும் ஓட்டுங்கள். பிறகு காய்ந்த நிலத்தில் கொக்கிக் கலப்பை, ஆழம் குறைத்து. 50 மணித்தியாலத்தில் ஒயிலும் பில்டரும் மாற்றி, ஹெட்டை இன்னொரு தரம் பார்த்து, பின் அச்சுச் சீல் காய்ந்திருக்கிறதா என்று டிரம்மின் அடியைத் தடவிப் பாருங்கள். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் இறக்குவது அதற்குப் பிறகு.